ஒரே உயரம், ஒரே எண், வேறு வேறு ஃப்ரேம்: இணையத்தில் ரோட் சைக்கிள் அளவு தேர்ந்த அனுபவம்

எனக்கும் என் மனைவியின் தம்பிக்கும் உயரம் ஒன்றே: 168 செ.மீ. இருவரும் சில மாத இடைவெளியில் இணையத்தில் ரோட் சைக்கிள் வாங்கினோம். இருவருடைய ஃப்ரேமிலும் ஒட்டியிருக்கும் எண்ணும் ஒன்றே, 52. ஆயினும் அவன் சைக்கிளில் நான் ஏறினால் ஹேண்டில்பார் நெஞ்சுக்கு அருகில் வந்து நிற்கிறது, முழங்கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. என் சைக்கிளில் அவன் ஏறினால் சிறிது நேரத்திலேயே கழுத்தைத் தடவத் தொடங்குகிறான். இந்த வேறுபாடு வாங்கும் முன்பே நாங்கள் அளந்து, கணக்கிட்டு, தெரிந்தே தேர்ந்தது. கடைக்குப் போய் ஏறிப் பார்க்க வாய்ப்பில்லாத நிலையில் அதை எப்படிச் செய்தோம் என்பதை, இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால், விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஊரில் நெடுங்காலமாக ஓடிய கறுப்புச் சைக்கிள்கள் 22 இன்ச், 24 இன்ச் என்று விற்கப்பட்டன. அது சக்கரத்தின் அளவு என்று பலர் நினைத்திருந்தாலும், உண்மையில் சீட்டைத் தாங்கும் குழாயின் நீளமே அது. (அந்த 24 இன்ச் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய தலைமுறைக்கு, ஃப்ரேம் அளவு என்று ஒன்று உண்டு என்பதே பின்னாளில் தெரிந்த செய்தி.) ரோட் சைக்கிள்களிலும் 52, 54, 56 என்பவை தொடக்கத்தில் சீட் டியூபின் நீளத்தைச் சென்டிமீட்டரில் குறித்தவைதான். மேல்குழாய் தரைக்கு இணையாக இருந்த காலத்தில் அந்த ஒரு நீளத்தை வைத்தே மற்ற அளவுகளை ஓரளவு ஊகித்துவிடலாம். 1990களின் பிற்பகுதியில் மைக் பரோஸ் வடிவமைத்த ஜயண்ட் டிசிஆர் போன்ற சைக்கிள்கள் மேல்குழாயைப் பின்புறமாகச் சரித்து, S, M, L என்று குறைந்த எண்ணிக்கையிலான அளவுகளோடு வந்தபின் அந்தத் தொடர்பு அறுந்தது. இன்று பல நிறுவனங்கள் 54 என்று எழுதும் ஃப்ரேமில் 54 செ.மீ. நீளமுள்ள குழாய் எதுவுமே இராது.

இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் டார்மாக் எஸ்எல்7, 54 அளவில் ஸ்டாக் (முன்பகுதியின் உயரம்) 544 மி.மீ., ரீச் (அது முன்னால் நீளும் தூரம்) 384 மி.மீ. ட்ரெக் நிறுவனத்தின் டொமானே எஸ்எல், அதே 54 அளவில் ஸ்டாக் 575, ரீச் 374. எண் ஒன்றுதான், ஆனால் இரண்டாவதன் முன்பகுதி மூன்று சென்டிமீட்டர் உயரமாகவும் ஒரு சென்டிமீட்டர் அருகிலும் இருக்கிறது. மறுபுறம், M என்று விற்கப்படும் ஜயண்ட் டிசிஆரின் ஸ்டாக் 545, ரீச் 388. பெயர் வேறாக இருந்தாலும் இது டார்மாக் 54க்கு ஏறத்தாழ இரட்டைப் பிறவி.

ஸ்டாக், ரீச் ஆகிய இந்த இரண்டு அளவுகளையும் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பெடல்களின் அச்சு சுழலும் இடமான பாட்டம் பிராக்கெட்டின் நடுப்புள்ளியிலிருந்து, ஃப்ரேமின் முன்புறமுள்ள ஹெட் டியூபின் மேல்விளிம்பின் நடுப்புள்ளி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக். எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச். சீட்டை ஏற்றினாலும் இறக்கினாலும், ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம் என்ற இணைப்புத் துண்டை மாற்றினாலும் இவை மாறுவதில்லை. எனவே வெவ்வேறு நிறுவனங்களின் ஃப்ரேம்களை ஒப்பிட இவற்றைவிட நம்பகமான அளவு வேறில்லை.

அடுத்து உடலை அளந்தோம். உயர அட்டவணைகளில் 168 செ.மீ. என்பது பெரும்பாலும் இரண்டு அளவுகளின் எல்லையில் வந்து விழுகிறது. அதனால் அந்த அட்டவணை எங்கள் இருவருக்குமே பயன்படவில்லை. பயன்பட்டது உட்கால் அளவு, அதாவது கால் இடுக்கிலிருந்து தரை வரையுள்ள நீளம். இதைப் பேன்ட்டை வைத்து அளக்கக் கூடாது, ஏனெனில் தையற்காரர் எடுக்கும் அளவு எப்போதும் சில சென்டிமீட்டர் குறைவாகவே இருக்கும். வெறுங்காலுடன் சுவரில் முதுகைச் சாய்த்து, பாதங்களுக்கிடையே ஒரு சாண் இடைவெளி விட்டு நின்று, கெட்டி அட்டை போட்ட புத்தகமொன்றின் முதுகு மேலே பார்த்திருக்கும்படி கால்களுக்கிடையே வைத்து, சீட்டில் உட்காரும்போது எவ்வளவு அழுத்தம் படுமோ அவ்வளவு அழுத்தமாக மேலே தள்ளி, புத்தகத்தின் ஓரம் சுவரைத் தொடும் இடத்தில் இன்னொருவரைக் கோடு போடச் சொல்ல வேண்டும். புத்தகம் சாய்ந்தால் அளவு தவறும் என்பதால் சில முறை அளந்து சராசரி எடுப்பது நல்லது. எனக்கு 76 செ.மீ. வந்தது, மைத்துனனுக்கு 81. அவன் கோயம்புத்தூரில் இருப்பதால் தொலைபேசியில் சொல்லச் சொல்ல அவனாகவே அளந்தான். முதலில் 78 என்றான். புத்தகத்தைக் கூச்சமின்றி அழுத்தச் சொன்னபின், "மாமா, இப்போது 81 காட்டுகிறது" என்றான். அந்த மூன்று சென்டிமீட்டர் வேறுபாடு வேறொரு ஃப்ரேமை வாங்கவைக்கப் போதுமானது.

உட்கால் அளவை 0.883 ஆல் பெருக்கினால் பாட்டம் பிராக்கெட்டின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரையிலான உயரம் கிடைக்கும் என்பது, டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை 1986, 1989, 1990 ஆகிய ஆண்டுகளில் வென்ற கிரெக் லெமாண்டின் பெயரால் வழங்கும் கணக்கு. அந்தக் காலத்துக் காலணிகளும் பெடல்களும் தடிமனானவை என்பதால் இன்று சில மில்லிமீட்டர் குறைத்துக்கொள்பவர்கள் உண்டு; தொடக்கப் புள்ளியாகக் கொள்ள இது நன்றாகவே உதவுகிறது. இதன்படி என் சீட் 67.1 செ.மீ. உயரத்திலும் அவனுடையது 71.5 செ.மீ. உயரத்திலும் அமைய வேண்டும். ஒரே உயரமுள்ள இருவரின் சீட்டுகளுக்கிடையே நான்கு சென்டிமீட்டருக்கும் மேல் இடைவெளி!

இதிலிருந்து பிறப்பதுதான் முக்கியமான முடிவு. என் கால்கள் குட்டை, உடற்பகுதி நீளம். சீட் தாழ்வாக இருப்பதால் ஹேண்டில்பார் உயரமாக இருக்க வேண்டிய தேவை எனக்கு இல்லை. ஆனால் அது சற்றுத் தள்ளி இருக்க வேண்டும். அவனுக்குக் கால்கள் நீளம், உடற்பகுதி குட்டை. சீட் ஏறிக்கொண்டே போகிறது. முன்பகுதி அதற்கேற்ப ஏறாவிட்டால் அவன் குனிந்து மடிய வேண்டியிருக்கும். அத்துடன் ஹேண்டில்பார் அருகிலும் இருக்க வேண்டும். ஆகவே எனக்குத் தேவைப்பட்டது தாழ்ந்த, நீண்ட ஃப்ரேம்; அவனுக்குத் தேவைப்பட்டது உயர்ந்த, குறுகிய ஃப்ரேம். பந்தயத்துக்கான வடிவம், நெடுந்தூரத்துக்கான வடிவம் என்று நிறுவனங்கள் பிரித்து விற்பவை ஏறக்குறைய இந்த இரண்டு வகைகள்தான். பந்தயம் ஓட்டும் எண்ணம் எனக்கு இல்லை, என் வயதில் வரப்போவதும் இல்லை. ஆனாலும் பந்தய வடிவமே என் உடலுக்குப் பொருந்துகிறது. "தொடக்க நிலையினர் நெடுந்தூர வடிவத்தையே வாங்குங்கள்" என்று எல்லோருக்கும் சொல்லும் அறிவுரையை நான் ஏற்காததற்குக் காரணம் இதுவே.

உடலின் அளவுகளிலிருந்து எந்த வகை ஃப்ரேம் என்பது தெரியும். சரியாக எத்தனை மில்லிமீட்டர் என்பது தெரியாது. அதற்கு ஓட்டிப் பார்த்துப் பொருந்திய சைக்கிள் ஒன்று கையில் இருக்க வேண்டும். வெளிநாடு போன நண்பர் ஒருவர் தம் பழைய ரோட் சைக்கிளைச் சில மாதங்கள் என்னிடம் விட்டுச் சென்றிருந்தார். அதில் கைகளோ முதுகோ வலித்ததில்லை. அதன் தயாரிப்பு விவரம் எதுவும் கிடைக்காததால் நானே அளந்தேன். சமதளமான தரையில், சக்கரங்களில் காற்று நிரப்பி, யாராவது ஒருவரைச் சைக்கிளை நேராகப் பிடித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். கொத்தனார்கள் பயன்படுத்தும் தூக்குக்குண்டை ஹெட் டியூபின் மேல்விளிம்புக்கு நேராகத் தொங்கவிட்டுத் தரையில் ஒரு புள்ளி; பாட்டம் பிராக்கெட்டின் நடுவுக்கு நேராகத் தொங்கவிட்டு இன்னொரு புள்ளி. சைக்கிளின் நீளவாக்கில் இந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையிலான தூரம் ரீச். தரையிலிருந்து ஹெட் டியூபின் மேல்விளிம்புக்கு உள்ள உயரத்தில் பாட்டம் பிராக்கெட்டின் உயரத்தைக் கழித்தால் வருவது ஸ்டாக். வீட்டில் அளக்கும்போது சில மில்லிமீட்டர் பிழை நேரும். அதனால் பெரிய தீங்கில்லை. அத்துடன் ஸ்டெமின் நீளம், அதன் கீழே உயரம் கூட்டப் போடும் வளையங்களான ஸ்பேசர்களின் உயரம், சீட்டின் நுனியிலிருந்து ஹேண்டில்பாரின் நடுவுக்கு உள்ள தூரம் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். இரவல் சைக்கிள் கிடைக்காதவர்கள், டெக்கத்லான் போன்ற பெரிய கடையில் உள்ள ரோட் சைக்கிளில் ஏறி, கடைக்காரரின் அனுமதியுடன் சற்று ஓட்டிப் பார்த்து, அதன் மாடல் பெயரையும் அளவையும் எழுதிக்கொண்டு வந்தால், மற்றவற்றை ஒப்பிட அதுவே அளவுகோலாகும். கோவையில் மைத்துனன் அப்படித்தான் செய்தான்.

ஒப்பிடும்போது பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. ஸ்டாக் வேறாக உள்ள இரண்டு ஃப்ரேம்களின் ரீச்சை அப்படியே ஒப்பிடக் கூடாது. ஹெட் டியூப் செங்குத்தாக நிற்பதில்லை, ஏறக்குறைய 73 பாகை கோணத்தில் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. ஆகவே ஸ்டெமின் கீழே 10 மி.மீ. ஸ்பேசர் போட்டால் ஹேண்டில்பார் உயர்வதோடு சுமார் 3 மி.மீ. பின்னாலும் வருகிறது. நான் வாங்கிய ஃப்ரேமின் ஸ்டாக் 530, ரீச் 380. அவன் வாங்கியதன் ஸ்டாக் 560, ரீச் 370. என் ஃப்ரேமில் 30 மி.மீ. ஸ்பேசர் போட்டுக் கணக்கிட்டால் ஸ்டாக் ஏறத்தாழ 559, ரீச் 371 என்று ஆகிவிடுகிறது. அதாவது அவன் ஃப்ரேமேதான்! அப்படியானால் அவனும் என் ஃப்ரேமையே வாங்கியிருக்கலாமே என்று கேட்கலாம். வாங்கியிருந்தால், எத்தனை ஸ்பேசர் அனுமதிக்கப்படுகிறதோ அத்தனையையும் முதல் நாளே செலவழித்திருப்பான். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கிலிருந்து ஹெட் டியூப் வழியாக மேலேறி ஸ்டெமைத் தாங்கும் ஸ்டியரர் குழாய் கார்பனாக இருந்தால் ஸ்பேசரின் உயரத்துக்குத் தயாரிப்பாளர்கள் வரம்பு வைத்திருக்கிறார்கள். இன்னும் சற்று உயரம் வேண்டுமென்று பின்னால் தோன்றினால் ஏற்ற இடமிராது. நான் அவன் ஃப்ரேமை வாங்கியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். எல்லா ஸ்பேசர்களையும் எடுத்துவிட்டாலும் ஹெட் டியூபை வெட்டிச் சிறிதாக்க முடியாது. முன்பகுதியை ஏற்றுவதற்கு வழி உண்டு, ஓர் எல்லைக்குக் கீழே இறக்குவதற்கு வழியே இல்லை. அதனால், வேண்டிய உயரம் 10 முதல் 20 மி.மீ. ஸ்பேசருடன் கிடைக்கும்படியான ஃப்ரேமைத் தேடினோம்; இரண்டு பக்கமும் நகர இடமிருக்கிறது.

மேல்குழாயின் நீளத்தை மட்டும் வைத்துத் தேர்பவர்களுக்கு வேறொரு சிக்கல் காத்திருக்கிறது. அட்டவணைகளில் காணும் மேல்குழாய் நீளம், சரிந்த குழாயை அளந்ததன்று. ஹெட் டியூபின் மேலிருந்து, சீட்டைத் தாங்கும் கம்பியான சீட் போஸ்ட் வரை கிடைமட்டமாக இழுத்த கற்பனைக் கோடு. சீட் டியூபின் கோணம் மாறினால் இந்த நீளமும் மாறும். என் சீட் உயரத்தில் ஒரு பாகை வேறுபாடு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான மாற்றத்தைத் தருகிறது. சிறிய ஃப்ரேம்களில் சீட் டியூபைச் செங்குத்தாக நிறுத்தி மேல்குழாயைக் குறுகலாகக் காட்டுவது வழக்கம். பெடலுக்குப் பின்னால் சரியான இடத்தில் உட்கார அந்தச் சீட்டைப் பின்னே தள்ளியதும், குறைந்ததாகத் தோன்றிய நீளம் திரும்பிவந்துவிடும். ஆகவே கோணத்தையும் சேர்த்துப் பார்க்காமல் அந்த ஒரு வரியை நம்பக் கூடாது.

"இரண்டு அளவுகளுக்கிடையே தடுமாறினால் சிறியதை எடு" என்பது சைக்கிள் ஓட்டுபவர்களிடையே நெடுநாளாகச் சொல்லப்படுவது. சிறியதில் நீளமான ஸ்டெமைப் பொருத்தி, சீட் போஸ்டை உயர்த்திச் சமாளிக்கலாம், பெரியதைச் சுருக்க முடியாது என்பதே அதன் நியாயம். என்னைப் போன்ற குட்டைக் காலர்களுக்கு அது பெரும்பாலும் சரி. மைத்துனனைப் போன்றவர்களுக்கு அது பாதி உண்மைதான். சிறிய ஃப்ரேமில் அவர்களுடைய சீட் ஹேண்டில்பாருக்கு மேலே மிக உயர்ந்து நிற்கும். அவர்கள் பெரியதையும் எடுக்காமல் சிறியதையும் எடுக்காமல், வடிவம் மாறிய வேறொரு மாடலைத் தேடுவதே நல்லது.

ஸ்டெம் மாற்றத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரோட் சைக்கிளில் 80 முதல் 120 மி.மீ. வரையான ஸ்டெம்கள் எளிதில் கிடைக்கின்றன. என்னுடையதில் 100, அவனுடையதில் 90 இருக்கிறது. ஆனால் அண்மைக் காலச் சைக்கிள்கள் பலவற்றில் பிரேக் குழாய்கள் ஹேண்டில்பாருக்குள்ளும் ஸ்டெமுக்குள்ளும் நுழைந்து ஹெட் டியூப் வழியாகப் போகின்றன. சிலவற்றில் ஹேண்டில்பாரும் ஸ்டெமும் ஒரே வார்ப்பு. இவற்றில் ஸ்டெமை மாற்றுவது, ஹைட்ராலிக் குழாயைக் கழற்றி எண்ணெய் நிரப்பும் வேலையாக முடியக்கூடும். செலவும் அதற்கேற்ப ஏறும். இப்படிப்பட்ட சைக்கிளை இணையத்தில் வாங்குவதானால் அளவில் பிழைக்கு இடமே இல்லை என்று எண்ணிக்கொள்ள வேண்டும். நாங்கள் இருவரும் வெளியே குழாய் தெரியும் பழைய பாணியையே விரும்பி எடுத்தோம். பார்க்க அழகில் ஒரு படி குறைவுதான்; அல்லன் கீ ஒன்றிருந்தால் வீட்டிலேயே மாற்றிவிடலாம்.

ஹேண்டில்பாரின் அகலமும், பெடல் பொருந்தும் கையான கிராங்கின் நீளமும் ஃப்ரேம் அளவோடு சேர்ந்தே வருகின்றன. பெரிய ஃப்ரேமுக்குப் போனால் 42 செ.மீ. அகலமும் 172.5 மி.மீ. கிராங்கும் கூடவே வந்துவிடலாம். தோள் குறுகியவர்களுக்கு 38 அல்லது 40 போதும். சிறிய ஃப்ரேம்களில் மெதுவாகத் திரும்பும்போது காலணியின் நுனி முன்சக்கரத்தைத் தொடுவதுண்டு; வேகத்தில் சக்கரம் அவ்வளவு திரும்பாது என்பதால் ஆபத்து குறைவு என்றாலும், போக்குவரத்துச் சிக்னலில் நின்று கிளம்பும்போது நினைவில் இருக்க வேண்டும்.

இனி வாங்கும் கட்டம். விற்பனைப் பக்கத்தில் இருக்கும் அளவு அட்டவணை எப்போதும் அந்தச் சைக்கிளுக்கு உரியதாகவே இருக்கும் என்று நம்ப வேண்டாம். நான் பார்த்த ஒரு விற்பனைப் பக்கத்தில் தலைப்பு ஒரு மாடலைச் சொன்னது. கீழே இருந்த அட்டவணை முந்தைய தலைமுறையைச் சேர்ந்தது. தயாரிப்பாளரின் சொந்தத் தளத்தில், அதே மாடல், அதே ஆண்டு என்று உறுதி செய்துகொண்டு அட்டவணையை எடுக்க வேண்டும். பிறகு விற்பனையாளரிடம் "M அனுப்புவீர்களா?" என்று கேட்காமல், "ஹெட் டியூபின் நீளம் எத்தனை மில்லிமீட்டர் உள்ள ஃப்ரேமை அனுப்புகிறீர்கள்?" என்று எழுத்தில் கேட்க வேண்டும். பெரும்பாலும் ஓர் அளவிலிருந்து அடுத்த அளவுக்குப் போகும்போது ஹெட் டியூப் பளிச்சென்று தெரியும் அளவுக்கு நீள்கிறது, அதைச் சாதாரண டேப்பாலேயே அளந்துவிடலாம் என்பதே இந்தக் கேள்வியின் பயன்.

பெட்டி வந்ததும் இதே அளவு கைகொடுக்கும். பெட்டியில் வரும் சைக்கிளில் முன்சக்கரம், ஹேண்டில்பார், சீட், பெடல்கள் ஆகியவற்றைப் பொதுவாக நாமே பொருத்த வேண்டியிருக்கும். ஆர்வத்தில் எல்லாவற்றையும் முடுக்கிவிட்டு ஒரு சுற்று ஓட்டியபின், அளவு மாறியிருக்கிறது என்று திருப்பி அனுப்ப முயன்றால், பயன்படுத்திய பொருளை ஏற்பதில்லை என்ற பதிலே வரும். அதனால் பெட்டியைத் திறந்ததும், பாதுகாப்புப் பஞ்சுறைகளை முழுவதும் பிரிக்காமல், ஹெட் டியூபையும் சீட் டியூபையும் அளந்து அட்டவணையோடு ஒப்பிட்டு, அளவுப் பட்டியைப் படமெடுத்து வைத்துக்கொண்டேன். பெடல்களைக் கடைசியாகப் பொருத்தினேன். கிராங்கில் பெடல் ஏறிய தடமே பயன்படுத்தியதற்குச் சாட்சியாகிவிடும்.

பழைய சைக்கிளை இணையத்தில் வாங்குபவர்கள் கூடுதலாக ஒரு படத்தைக் கேட்டு வாங்க வேண்டும்: ஸ்டெமுக்குக் கீழும் மேலும் எத்தனை ஸ்பேசர்கள் இருக்கின்றன என்று பக்கவாட்டில் தெரியும் படம். முந்தைய உரிமையாளர் தாழ்வாக ஓட்டியவராக இருந்து ஸ்டியரர் குழாயை வெட்டியிருந்தால், ஃப்ரேமின் எண் எதுவாக இருந்தாலும் அதை மீண்டும் உயர்த்த முடியாது. கோணம் ஏறிய ஸ்டெமைப் பொருத்தியோ ஃபோர்க்கையே மாற்றியோதான் சரிசெய்ய வேண்டும். ஹெட் டியூபின் மேலிருக்கும் பேரிங் மூடியும் சில சைக்கிள்களில் ஒன்றரை சென்டிமீட்டர் வரை உயரமாக இருக்கும்; அட்டவணையிலுள்ள ஸ்டாக்கில் அது சேர்வதில்லை.

சரியான ஃப்ரேம் வந்தபின்னும் சில வாரங்கள் சிறு திருத்தங்கள் தேவைப்பட்டன. முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கிறதா என்றும், பின்பக்கம் வலித்தாலோ பெடல் மிதிக்கும்போது இடுப்பு இருபுறமும் ஆடினாலோ சீட் உயரமாக இருக்கிறதா என்றும் முதலில் பார்க்க வேண்டும். இவை ஃப்ரேமின் குறையல்ல. ஃப்ரேமைச் சோதிக்கக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் போல் நல்ல இடமில்லை. காலையில் புறப்பட்டுச் சற்றுத் தாமதமானால், தெற்கே போகும்போது கடற்காற்று முகத்தில் அடிக்கத் தொடங்கும். வேறு வழியின்றி ஹேண்டில்பாரின் கீழ்வளைவைப் பிடித்துக் கோவளம் வரை குனிந்தே மிதிக்க வேண்டியிருக்கும். அந்த நிலையில் மூச்சு முட்டாமல், கைவிரல்கள் மரத்துப்போகாமல் இருந்தால் ஸ்டாக்கும் ரீச்சும் பொருந்தியிருக்கின்றன என்று கொள்ளலாம். மைத்துனனுக்கு அந்தச் சோதனை ஆனைகட்டி ஏற்றத்தில், ஹேண்டில்பாரின் மேற்பகுதியைப் பிடித்து நெடுநேரம் உட்கார்ந்து மிதிக்கையில் நடந்தது. அவன் 20 மி.மீ. ஸ்பேசருடன் தொடங்கி, உடல் பழகியபின் 5 மி.மீ. ஒன்றை எடுத்து ஸ்டெமுக்கு மேலே போட்டிருக்கிறான். ஸ்டியரரை வெட்டி அந்த முளையை அகற்றிவிடலாமா என்று கேட்டான். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் ஓட்டி, இனி ஏற்ற வேண்டாம் என்று உறுதியானபின் வெட்டிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.